நீச்சல் குளத்துக்குத் திறக்கும் கதவு: சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், காலாப்பட்டு, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று புதுச்சேரி வரைக்கும் இப்போது நீச்சல் குளம் வைத்த வீடுகள் நிறைய. தெற்கே கடலூர் பக்கமும் ஒன்றிரண்டு எழும்பிக்கொண்டிருக்கின்றன. வார இறுதிக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு, வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று குடும்பத்தோடு குடிவந்தவர்களும் உண்டு. இந்த வீடுகள் பலவற்றில் ஹாலின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளினால் நாலடியில் தண்ணீர். படம் எடுக்க அழகாக இருக்கும். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், சாமான் இறக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இந்தக் கதவைத்தான்.

தண்ணீரில் விழுந்த குழந்தை கத்தும், கையைக் காலை அடிக்கும், சத்தம் கேட்டு ஓடிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நிஜத்தில் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையால் கத்த முடியாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வரும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் நினைவு தப்பிவிடும். பக்கத்து அறையில் மிக்ஸி ஓடாவிட்டாலும் ஒன்றும் கேட்காது. ஒன்று முதல் நாலு வயதுவரை உள்ள குழந்தைகளின் இறப்புக்கு உலகளவில் முக்கியக் காரணங்களில் ஒன்றாக நீரில் மூழ்குவதை உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. நடக்கத் தெரிந்திருக்கும், பயம் தெரிந்திருக்காது. அந்த வயது அப்படி.

அதனால் "கதவைச் சாத்திட்டு வாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைப்பதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். யாராவது ஒருவர் ஒருநாள் மறப்பார். மறந்தாலும் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், பூட்டு குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. கீழே உள்ள எல்லாமே இந்த மூன்றையும் நம் வீட்டுக் கதவுகளுக்கு எப்படிப் பொருத்துவது என்பதுதான்.

முதலில் தரையில் உட்காருங்கள்

ஆசாரியைக் கூப்பிடும் முன் ஒரு மதியம் இதற்காக ஒதுக்குங்கள். ஹாலில் தரையில் உட்கார்ந்து, இரண்டு மூன்றடி உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். குளம் எங்கெங்கிருந்து தெரிகிறது? தெரிகிற இடத்துக்கெல்லாம் பிள்ளை போகப் பார்க்கும். நீலத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு வாத்து பொம்மை, வேறென்ன வேண்டும்?

அப்புறம் எழுந்து, குளத்தங்கரையில் நின்றுகொண்டு வீட்டைப் பாருங்கள். அங்கிருந்து எண்ணினால்தான் வழிகள் சரியாகக் கணக்கில் வரும். ஹால் கதவை எல்லாரும் எண்ணிவிடுவார்கள். விட்டுப்போவது மற்றவை: பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போகும் சமையலறைப் பின்கதவு, குளித்துவிட்டு ஈரத்தோடு நுழைவதற்காக வைத்த வெளி பாத்ரூமின் இரண்டாவது கதவு, வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் உள்ள சந்து, மாடியிலிருந்து வெளிப்பக்கமாக இறங்கும் படிக்கட்டு, மோட்டார் அறை, தரையிலிருந்து ஒன்றரை அடியிலேயே தொடங்கும் பெரிய ஜன்னல். நாய் வளர்த்த வீடு என்றால் கதவின் அடியில் அதற்கென்று வெட்டிய ஓட்டை இருக்கலாம். நாய் நுழையும் ஓட்டையில் பிள்ளையும் நுழையும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இந்த வழி நமக்கு வேண்டுமா? பெரும்பாலும் தினமும் வேண்டியிருப்பது ஒரே ஒரு வழிதான். மற்றவற்றை நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். ஜன்னல்களுக்குக் கிரில், பாத்ரூமின் வெளிக்கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு, சந்துக்கு ஒரு கேட், ஓட்டைக்குப் பலகை. ஐந்து கதவுகளுக்கு நல்ல பூட்டு வாங்கும் செலவில் நாலை மூடிவிட்டு ஒன்றுக்கு மிக நல்ல பூட்டாக வாங்கலாம்.

அடைக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தீப்பிடித்தால் பெரியவர்கள் வெளியேற வழி இருக்க வேண்டும். குளத்துப் பக்கக் கதவு ஒன்றுதான் பின்வழி என்றால், அதை உள்ளேயிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க முடியும் என்கிற பூட்டாகப் போடாதீர்கள். இருட்டில், புகையில் சாவி தேட முடியாது.

சாதாரணக் கீல் கதவு

கீல் வைத்த மரக்கதவு உங்களுக்கு அமைந்திருந்தால் நல்ல காலம். இதைத்தான் எளிதாகச் சரிசெய்யலாம். தேவை இரண்டு பொருட்கள்: டோர் குளோசர், நைட் லாட்ச். இரண்டுமே எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

டோர் குளோசர் என்பது ஆபீஸ் கதவுகளின் தலையில் இருக்குமே, எண்ணெய் அடைத்த அந்த உலோகப் பெட்டி. கடையில் கதவின் அகலத்தையும் எடையையும் சொல்லி வாங்குங்கள். கனமான தேக்குக் கதவுக்கு லேசான குளோசர் போட்டால் அது பாதி வழியில் நின்றுவிடும். பொருத்திய பிறகு பெட்டியின் பக்கவாட்டில் பொதுவாக இரண்டு திருகுகள் தெரியும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றொன்று கடைசி ஒரு சாண் தூரத்தின் வேகத்துக்கு. வலப்பக்கம் திருகினால் வேகம் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருக வேண்டாம். முழுக்கக் கழற்றிவிட்டால் எண்ணெய் வெளியே கொட்டி, குளோசர் உதவாமல் போகும். முதல் பகுதி மெதுவாக இருக்கட்டும், குழந்தையின் விரல் நசுங்காது. கடைசிச் சாண் மட்டும் லாட்ச் 'டக்' என்று விழும் அளவுக்கு வேகமாக வர வேண்டும்.

குளோசர் வாங்கப் பணமில்லை, கதவும் லேசானது என்றால் ஸ்பிரிங் கீல் போடலாம். ஆனால் அது படாரென்று அடிக்கும். விரலைப் பற்றிய கவலை கூடுதலாகச் சேரும்.

அடுத்தது நைட் லாட்ச். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் திறக்கும், வெளியேயிருந்து சாவி. நம் ஊர் வாசல் கதவுகளில் பழகியதுதான். இங்கே முக்கியம் அதன் உயரம். ஆசாரி வழக்கம்போல இடுப்பு உயரத்தில் குறி போடுவார். "அஞ்சடியில வையுங்கண்ணே" என்றால், "அம்புட்டு உசரத்துலயா, பார்க்க நல்லாருக்காதே சார்" என்பார். நல்லாயிருக்காதுதான். அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குளத்து கேட்டின் தாழுக்குச் சொல்லும் உயரம் 54 அங்குலம், அதாவது நாலரை அடி. ஆஸ்திரேலியாவில் ஒன்றரை மீட்டர், கிட்டத்தட்ட ஐந்தடி. நான் ஐந்தடி என்பேன். அதற்கு மேல் போனால் வீட்டில் உள்ள பாட்டிக்குக் கை எட்டாது. எட்டாத பூட்டோடு தினமும் யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள், ஒரு வாரத்தில் கதவைத் திறந்தே வைக்கப் பழகிவிடுவார்கள். வீட்டில் குள்ளமான பெரியவர் யாரோ அவரை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்லி அளந்துகொள்ளுங்கள்.

நைட் லாட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பூட்டின் நாக்கு உள்ளே போய் நின்றுகொள்ளும், கதவு பூட்டாது. சாமான் ஏற்றி இறக்க வசதி. குளத்துக் கதவில் அந்த வசதி வேண்டவே வேண்டாம். அந்தப் பொத்தான் இல்லாத மாடல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அதைச் செயலிழக்கச் செய்து தரச் சொல்லுங்கள்.

தானே பூட்டும் கதவில் இன்னொரு சங்கடம் உண்டு. நீங்கள் துணி எடுக்கக் குளத்தங்கரைக்குப் போகிறீர்கள், பின்னால் கதவு பூட்டிக்கொண்டது, பிள்ளை உள்ளே, அடுப்பில் பால். இதற்காகவே ஒரு சாவியை வெளிப்பக்கம், மோட்டார் அறைக்குள் உயரமான ஆணியில் தொங்கவிடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும்.

கைப்பிடியையும் பாருங்கள். கீழே அழுத்தித் திறக்கும் லிவர் கைப்பிடியைப் பிள்ளை பிடித்துத் தொங்கினாலே திறந்துவிடும். உருண்டைக் குமிழைத் திருகச் சின்னக் கைக்குக் கஷ்டம். இடுப்பு உயரத்தில் லிவர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெறும் இழுப்புப் பிடி போட்டால் போதும், பூட்டும் வேலையை மேலே உள்ள நைட் லாட்ச் பார்த்துக்கொள்ளும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் கணக்கு. வீட்டுக்குள் திறக்கும் கதவில் பிள்ளை சாய்ந்தால், லாட்ச் சரியாக விழாவிட்டாலும் கதவு சாத்தும் திசையிலேயே நகரும். குளத்துப் பக்கம் திறக்கும் கதவில் சாய்ந்தால் நேராகத் தண்ணீர்ப் பக்கம் போய் விழும். நம் ஊர் மரக்கதவுகள் பெரும்பாலும் உள்ளே திறப்பவைதான். வெளியே திறப்பது கொசுவலைக் கதவு.

கடைசியாக, கதவுக்குப் பின்னால் சுவரில் காந்த டோர் ஸ்டாப்பர் இருந்தால் கழற்றி எறியுங்கள். கதவைத் திறந்தே பிடித்து வைக்கத்தான் அது இருக்கிறது. குளோசர் போட்ட பலன் அந்த ஒன்றால் போய்விடும். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பும் அப்படியே.

பழைய இரட்டைக் கதவு

புதுச்சேரி வெள்ளை நகரப் பகுதியில் பழைய வீட்டைப் புதுப்பித்து, நடுமுற்றத்தில் குளம் கட்டியிருப்பார்கள். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேலே இரட்டைக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் நீளத் தாழ்ப்பாள். அழகைக் கெடுக்க மனம் வராது. செய்யக்கூடியது இது: இரண்டில் ஒரு கதவை மேலும் கீழும் தாழிட்டு நிரந்தரமாக நிறுத்திவிடுங்கள். மற்றதற்கு மட்டும் குளோசரும் லாட்சும். கீழ்த்தாழைப் பிள்ளை தூக்கிவிளையாடும், எனவே அதற்கு ஒரு சின்னப் பூட்டு. முற்றத்தைச் சுற்றி நாலைந்து கதவுகள் என்றால் பயன்படுத்தும் ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பூட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள். பிள்ளை வளர்ந்தபின் திறந்துகொள்ளலாம்.

மேலே இருக்கும் தாழ்ப்பாள் ஒன்றே போதாதா என்று கேட்பார்கள். உயரம் சரிதான். ஆனால் அது தானாக விழாது. யாராவது நினைவாகப் போட வேண்டும். இரண்டாவது பூட்டாக இருக்கட்டும், ராத்திரிக்கு உதவும்.

தள்ளும் கண்ணாடிக் கதவு

இதுதான் தலைவலி. யுபிவிசி ஆனாலும் அலுமினியம் ஆனாலும் அதன் பூட்டு மூன்று மூன்றரை அடி உயரத்தில் இருக்கும், பிள்ளைக்கு எட்டும். உருளைகள் நன்றாக ஓடினால் ஒரு விரலால் தள்ளலாம். தானாகச் சாத்திக்கொள்ளவும் செய்யாது. அதற்கென்று கருவிகள் உண்டு என்றாலும், கடற்கரை மணல் தடத்தில் சேர்கிற இடத்தில் அவற்றை நம்பி உட்கார எனக்கு மனம் இல்லை.

கீழ்த்தடத்தில் ஒரு கழியையோ பிவிசி குழாயையோ வெட்டிப் போட்டால் கதவு நகராது என்பது பலர் சொல்லும் யோசனை. திருடனுக்குச் சரி. பிள்ளைக்குச் சரியல்ல, தரையில் கிடக்கும் குச்சியைத்தான் அது முதலில் எடுக்கும். அதற்குப் பதில் கதவுச் சட்டத்தின் மேல்பகுதியில், ஐந்தடிக்கு மேல், ஒரு சின்ன போல்ட் பொருத்தச் சொல்லுங்கள். துளை போடும் இடத்தில் கண்ணாடியோ, சட்டத்துக்குள் உள்ள எஃகோ குறுக்கே வருகிறதா என்று கதவு செய்து தந்தவரே பார்த்துப் போடட்டும்.

அப்போதும் தானாகப் பூட்டும் என்கிற அம்சம் வரவில்லை. அதனால் தள்ளும் கதவு உள்ள வீட்டில் இரண்டில் ஒன்று செய்யுங்கள். ஒன்று, அந்தக் கதவை நிரந்தரமாக மூடி, வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள கீல் கதவைப் பயன்படுத்துவது. இல்லையென்றால் கதவுக்கும் குளத்துக்கும் நடுவே வேலி. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் வேலி போடுங்கள் என்பேன். ஏன் என்று கீழே வருகிறது.

கொசுவலை பற்றி ஒரு வார்த்தை. சட்டம் போட்ட வலையோ ஒட்டும் வலையோ, அது கொசுவுக்குத்தான். கண்ணாடியைத் திறந்து வலையை மட்டும் சாத்தி வைத்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்றே அர்த்தம்.

அலாரம்

கதவு திறந்தால் கத்தும் காந்த அலாரம் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது. கதவின் நிலைச்சட்டத்தில் ஒரு பெட்டி, கதவில் ஒரு காந்தம், இரண்டும் விலகினால் சத்தம். பொருத்தும்போது இரண்டுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், விட்டால் சும்மா சும்மா அலறும், எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள். 'டிங் டாங்' என்று மணி அடிக்கும் நிலையும் சைரன் நிலையும் இருந்தால் சைரனில் வையுங்கள். பழகிப்போன மணிச்சத்தம் காதில் ஏறாது.

அமெரிக்க வழிகாட்டுதல், குளத்துப் பக்கக் கதவு அலாரம் கதவு திறந்த 7 விநாடிக்குள் ஒலிக்க வேண்டும், குறைந்தது 30 விநாடி ஒலிக்க வேண்டும், பத்தடி தூரத்தில் 85 டெசிபல் கேட்க வேண்டும் என்கிறது. பெரியவர்கள் போய்வர ஒரு பொத்தான் இருக்கலாம், ஆனால் அதை அழுத்தினால் 15 விநாடிக்குத்தான் அலாரம் அடங்கியிருக்க வேண்டும், அந்தப் பொத்தானும் 54 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். மலிவான அலாரங்கள் பலவற்றில் இந்தப் பொத்தான் கிடையாது, வெறும் ஆன்-ஆஃப் மட்டும். ஆஃப் செய்தவர் திரும்ப ஆன் செய்ய மறப்பார். வாங்கும் முன் அதை மட்டும் படித்துப் பாருங்கள்.

பேட்டரிக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு அமாவாசை கதவைத் திறந்து அலாரம் கத்துகிறதா என்று பார்ப்பதாக வைத்துக்கொண்டால், அந்த நாளைக் காலண்டர் பார்க்காமலே வீட்டில் பெரியவர்கள் நினைவுபடுத்திவிடுவார்கள்.

அலாரம் கதவைப் பூட்டாது. பூட்டு தோற்றுப்போனால் சொல்வதுதான் அதன் வேலை. பூட்டு போடாமல் அலாரம் மட்டும் போடுவது வீண்.

உப்புக்காற்று, மழை, கரண்ட்

வெளியூரில் எழுதப்பட்ட குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் சாதாரண இரும்பு ஸ்பிரிங்கும் திருகும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த லாட்சின் நாக்கு பாதி வெளியே வந்து நிற்கும். பார்த்தால் பூட்டியதுபோல இருக்கும், தள்ளினால் திறக்கும். துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்கும்போது 304 ரகமா 316 ரகமா என்று கேளுங்கள். கடலோரத்துக்கு 316தான் தாங்கும், விலை கூடுதல். திருகுகளும் அதே ரகமாக இருக்கட்டும். லாட்சில் மாதம் ஒருமுறை எண்ணெய் தெளியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊறி உப்பும். குளோசரால் இழுத்துச் சாத்த முடியாமல் கதவு அரை அங்குலம் திறந்தபடியே நிற்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வோம். அதிகம் இழைத்தால் சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கி, லாட்சின் நாக்கு எதிர்ப்பக்கத் துளையில் நுனி மட்டும் மாட்டும். மழைக்கு ஒருமுறை, வெயிலுக்கு ஒருமுறை நாக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். குளத்துப் பக்கக் கதவின் மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். யாரும் அடிப்பதில்லை, தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

கடல்காற்று மதியத்துக்கு மேல் எழும்பும். கிழக்கே பார்த்த கதவு உள்ளே திறப்பது என்றால் காற்று அதைத் திறந்தே பிடிக்கும். காலையில் அருமையாகச் சாத்திய கதவு மூன்று மணிக்குச் சாத்தாது. குளோசரைச் சரிபார்ப்பது எப்போதும் அந்த நேரத்தில்.

மின்சாரத்தை நம்பும் பூட்டு வேண்டாம். குறிப்பாக ஆபீஸ்களில் போடும் மின்காந்தப் பூட்டு, கரண்ட் போனால் திறந்துகொள்ளும்படிதான் செய்யப்பட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் அடித்துப்போட்டபின் பல ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல். இதுபோன்ற நாட்களில் குளம் நிரம்பி வழியும், தளமும் தண்ணீருமாக எது குளம் என்றே தெரியாது, வேலி சாய்ந்திருக்கும், வீட்டில் எல்லாரும் வேறு வேலையில் இருப்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவத்தி வாங்குவதோடு குளத்துக் கதவின் மேல்தாழையும் போட்டுவிடுங்கள். குளத்தின் மேல் தார்ப்பாய் கட்டி வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மழைநீர் அதன் நடுவில் தேங்கி அதுவே ஒரு குட்டையாகும். பிள்ளை அதன்மேல் ஏறினால் பாயோடு உள்ளே போகும், மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

கதவுக்கு அப்பால் ஒரு வேலி

வீட்டுச்சுவரை ஒரு பக்கமாக வைத்து மற்ற மூன்று பக்கம் மட்டும் வேலி போட்டால், வெளியாட்களின் பிள்ளை உள்ளே வராது. நம் பிள்ளைக்கு அந்த வேலியால் பயனில்லை, அது வீட்டுக்குள்ளிருந்துதானே வருகிறது. நாலு பக்கமும் அடைத்து, வீட்டையும் குளத்தையும் பிரிக்கும் வேலிதான் அதிகம் காக்கிறது என்று இதைப் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் புதிதாகக் கட்டும் வெளிப்புறக் குளத்துக்கு வீட்டிலிருந்து நேராகக் கதவு வைக்கவே விடுவதில்லை.

பிரான்சில் 2003 ஜனவரி 3ஆம் தேதிச் சட்டம், தரையில் தோண்டிய தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, மேல்கூடு, அலாரம் என்ற நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விதித்தது. 2004 முதல் புதிய குளங்களுக்கு, 2006 முதல் பழையவற்றுக்கும். புதுச்சேரியில் அங்கே சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. விடுமுறைக்கு வரும் சித்தப்பா வீட்டில் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

வேலி நாலடிக்குக் குறையக் கூடாது, ஐந்தடி நல்லது. நிற்கும் கம்பிகளுக்கு இடையில் நாலு அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி. குறுக்குக் கம்பிகள் வேண்டாம், அவை ஏணிப்படி. நம் ஊர் கிரில் கேட்டில் பூ வேலைப்பாடு என்று வளைத்து வளைத்து வைத்திருப்பதும் கால் வைக்க வாகானது. கேட் குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், அதற்கும் ஸ்பிரிங்கும் தானே விழும் தாழும். வேலிக்கு மூன்றடிக்குள் பூந்தொட்டி, ஏசி அவுட்டோர் யூனிட், துணி காயவைக்கும் ஸ்டாண்ட் எதுவும் இருக்கக் கூடாது.

பிளாஸ்டிக் நாற்காலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அதை இழுத்துக்கொண்டு போய், மேலே ஏறி, ஐந்தடி உயரத்துத் தாழைத் தொட்டுவிடும். கதவு இருக்கும் அறையில் லேசான நாற்காலி, முக்காலி, மோடா எதுவும் வேண்டாம். உட்கார கனமான மர பெஞ்ச் போதும்.

சோதித்துப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும், கதவை முழுக்கத் திறந்து கையை விடுங்கள். பாதி திறந்து விடுங்கள். நாலு விரல் அளவு மட்டும் திறந்து விடுங்கள். மூன்று முறையும் லாட்ச் விழ வேண்டும். நாலு விரல் அளவில்தான் பல கதவுகள் தோற்கும், இழுப்பு வேகம் கிடைக்காது. அங்கே தோற்றால் குளோசரின் இரண்டாவது திருகைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஃபேனைப் போட்டு, எதிர் ஜன்னலைத் திறந்து மறுபடியும். சாத்திய கதவைத் தோளால் ஒரு இடி இடித்துப் பாருங்கள்.

பிள்ளையை வைத்தும் சோதிக்கலாம், நீங்கள் குளத்துப் பக்கம் நின்றுகொண்டு. "கதவைத் திறந்து அம்மாகிட்ட வா" என்று கூப்பிட்டால் என்னென்ன வித்தை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் வீட்டில் ஒருவர் இதை எதிர்ப்பார், திறக்கக் கற்றுக்கொடுக்கிறீர்களே என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கை தூக்கினால் எவ்வளவு எட்டுகிறது என்று சுவரில் அளந்துகொண்டாலே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளங்கள்.

வீட்டு ஆட்கள், விருந்தாளிகள்

கதவைத் தோற்கடிப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். குளம் சுத்தம் செய்ய வருபவர் பத்து முறை போய்வர வேண்டும், ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார். துணி உலர்த்தும் அக்கா கையில் பக்கெட், செருப்பைச் செருகிவிடுவார். அவர்கள்மேல் தப்பில்லை. சுத்தம் செய்ய வருபவருக்குப் பக்கவாட்டு கேட் வழியாகப் போகச் சாவி கொடுங்கள், துணிக்கயிற்றை மாடிக்கு மாற்றுங்கள். முட்டுக்கொடுக்கத் தேவை வராதபடி செய்தால் முட்டு வராது.

காதுகுத்து, பிறந்தநாள் என்று உறவுக்காரர்கள் கூடும் நாள்தான் அதிக ஆபத்து. இருபது பெரியவர்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று இருப்பார்கள். வந்த பிள்ளைகளுக்கு இந்த வீட்டுக் குளம் புதிது. குளத்தைப் பார்த்துக்கொள்ள அரை மணிக்கு ஒருவராகப் பெயர் சொல்லி அமர்த்துங்கள்: "மாமா, இப்ப நீங்க. அடுத்து சித்தி." அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது. குளித்து முடித்ததும் மிதக்கும் பொம்மை, பந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பிள்ளையைக் குளத்துக்கு இழுப்பது அவைதான்.

வார இறுதிக்கு வீடு எடுப்பவர்களால் துளை போட முடியாது. முன்பதிவுக்கு முன்பே உரிமையாளரிடம் கேளுங்கள்: குளத்துக்கு வேலி உண்டா, கதவுப் பூட்டு எந்த உயரத்தில், சாவி உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் குளம் இல்லாத வீடாகப் பாருங்கள், கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே. போய்ச் சேர்ந்தபின் தெரிந்தால் காந்த அலாரங்களைக் கையோடு கொண்டுபோய் இரட்டை ஒட்டு டேப்பில் ஒட்டலாம், கனமான சோபாவைத் தள்ளும் கதவுக்குக் குறுக்கே போடலாம். சோபாமேல் ஏறும் வயது என்றால் அதுவும் உதவாது.

நீண்ட நாள் வாடகை என்றால் லாட்சும் குளோசரும் போட அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இதே பார்வையோடு சம்பின் மூடியையும் பாருங்கள். பழைய தகர மூடி, பூட்டு இல்லாமல், கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும். குளத்துக்கு இவ்வளவு செய்துவிட்டு அதை விட்டுவிடக் கூடாது.

ஒருவேளை நடந்துவிட்டால்

பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் குளத்தைப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் பிறகு. தண்ணீரில் இருந்தால் தூக்கி, தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். மூச்சு இல்லை என்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊதுங்கள், மார்பு எழும்புவது தெரிய வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி, மூச்சு திரும்பும்வரை அல்லது உதவி வரும்வரை. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். அந்த விநாடிகளில் மூளைக்குப் போக வேண்டிய காற்றுதான் தாமதமாகிறது, வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாயை அடைக்கவும் கூடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது பாதிதான். முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்கு வீட்டில் இரண்டு பேராவது போய், பொம்மையின்மேல் அழுத்திப் பழகுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. சனி ஞாயிறுகளில் கடற்கரைச் சாலை நெரிசலில் கோரிமேடு ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ போய்ச் சேரும் வரைக்கும் பிள்ளைக்கு மூச்சு கொடுக்கப்போவது வீட்டில் இருப்பவர்தான். கண் திறந்து, அழுது, சாதாரணமாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.